அருள்வாக்கும் வாக்குச்சீட்டும்

தணிகை மலையடிவாரத்தில் பஜனை சபைகளையும் வழிபாட்டு மன்றங்களையும் ஞான சங்கங்களையும் நடத்திவரும் உறுப்பினர்களே!

சங்கம் என்று ஒன்று இருந்தால் அதன் தலைவர் நாற்காலி என்றாவது ஒருநாள் காலியாகும். காலியான மறுநாளே பேச்சு கிளம்பும். "ஐயா கண்மூடும் முன் இன்னாரைத்தான் சொன்னார்" என்பார் ஒருவர். "கனவில் உத்தரவு வந்தது" என்பார் இன்னொருவர். "பூக்கட்டிப் பார்த்துவிடலாம்" என்பார் மூன்றாமவர். சந்தா கட்டிய உறுப்பினர்கள் கைகட்டி நிற்பார்கள். இந்த வழக்கத்தை எதிர்த்துப் பேசத்தான் இந்த மேடையில் நிற்கிறேன். உறுப்பினர்களின் பணத்தாலும் உழைப்பாலும் நடக்கும் ஆன்மிகச் சங்கத்துக்கு உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் தலைவர் வர வேண்டும். அந்தத் தேர்வில் அருள்வாக்கு, தரிசனம், கனவு எதுவும் சாட்சியாகக் கூண்டேறக் கூடாது. இதற்கு நான் காட்டும் ஆதாரம் நாத்திகர்கள் எழுதியதிலிருந்து எடுத்ததல்ல. ஆன்மிகத்துக்கென்றே எழுந்த ஒரு பெரிய சங்கத்தின் சொந்த வரலாற்றிலிருந்து எடுத்தது.

காலையில் இங்கே ரயிலேறினால் மதியத்துக்குள் அடையாறு போய்விடலாம். அங்கே தியாசபிகல் சொசைட்டி என்ற பிரம்மஞான சபையின் தலைமையகம் இருக்கிறது. 1875 நவம்பரில் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையார், கர்னல் ஆல்காட், வில்லியம் ஜட்ஜ் முதலியோர் தொடங்கிய சபை அது. 1882இல் அடையாறுக்கு வந்து சேர்ந்தது. இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்கள் தங்களை வழிநடத்துவதாகவும் அவர்களிடமிருந்து கடிதங்கள் வருவதாகவும் அதன் முன்னோடிகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தக் கடிதங்கள் சபையின் அதிகாரப் போட்டிக்குள் நுழைந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 1891இல் பிளாவட்ஸ்கி மறைந்தார். அதன்பின் ஜட்ஜின் கைக்கு வலுச்சேர்க்கும் விதமாக மகாத்மாக்களின் பெயரில் செய்திகள் வந்தன. அவற்றை ஜட்ஜே எழுதிக்கொண்டார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1894 ஜூலையில் லண்டனில் ஒரு விசாரணைக் குழு கூடியது. தலைமையில் ஆல்காட், குற்றம் சாட்டியவர் அன்னி பெசன்ட். முடிவு என்ன தெரியுமா? தீர்ப்பே இல்லை. கடிதம் போலியா, உண்மையா என்று சொல்ல வேண்டுமானால் மகாத்மாக்கள் இருக்கிறார்களா, இல்லையா என்று சபை தீர்மானிக்க வேண்டிவரும்; எந்தக் கோட்பாட்டையும் உறுப்பினர்மேல் திணிப்பதில்லை என்ற சபைக்கு அது ஆகாது என்று சொல்லிக் குழு கலைந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் பாஸ்டனில் கூடி அமெரிக்கக் கிளைகளில் பெரும்பாலானவை ஜட்ஜோடு பிரிந்து போய்விட்டன.

இங்கே ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். அந்தக் குழுவில் இருந்தவர்கள் முட்டாள்களும் இல்லை, கெட்டவர்களும் இல்லை. விசாரிக்க முடியாத ஒன்றை விசாரிக்கச் சொன்னால் யாராலும் முடியாது. கணக்கில் தவறு என்றால் நோட்டைப் புரட்டலாம். தேர்தலில் தவறு என்றால் சீட்டை மறுபடி எண்ணலாம். தரிசனத்தில் தவறு என்றால் எதைப் புரட்டுவது, எதை எண்ணுவது? நம்புகிறவர் ஒரு பக்கம், நம்பாதவர் மறுபக்கம் என்று பிரிவதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்தப் பாடத்தைக் கண்ணால் கண்ட ஆல்காட்டும் பெசன்டுமே 13 ஆண்டு கழித்து அதை மறந்தார்கள். 1907 ஜனவரியில் ஆல்காட் அடையாற்றில் மரணப் படுக்கையில் இருந்தார். மகாத்மாக்கள் தம் படுக்கையருகே தோன்றி, பெசன்ட் அம்மையாரை அடுத்த தலைவராக்கச் சொன்னதாக அவர் உறுப்பினர்களுக்கு அறிவித்தார். பிப்ரவரி 17 அன்று காலமானார். சபை விதிப்படி உறுப்பினர்கள் வாக்களித்து உறுதி செய்தால்தான் தலைவர். வாக்கெடுப்பு நடந்தது; பெசன்ட் பெரும்பான்மையோடு வென்றார். ஆனால் தேர்தலுக்கு முன்பே நஞ்சு கலந்தாகிவிட்டது. அவருக்கு எதிராகச் சீட்டுப் போட்டவர் ஒரு வேட்பாளரை மறுத்தவராக இல்லாமல், மகான்களையே மறுத்தவராகிவிட்டார்! மகாத்மா கடிதங்களைத் தாமே பெற்றதாகச் சொல்லிப் புத்தகம் எழுதிய சின்னெட்டே அந்தத் தரிசனத்தின்மேல் ஐயம் கொண்டார். லண்டனில் பெரும் அறிஞராயிருந்த மீட் வெளிப்படையாக எதிர்த்தார். அந்தக் கசப்போடு வேறு சண்டைகளும் சேர்ந்தன. 1909இல் மீடும் இங்கிலாந்தில் சுமார் 700 உறுப்பினர்களும் வெளியேறினார்கள்.

இதில் என் மனத்தை வருத்துவது ஒன்று உண்டு. பெசன்டுக்கு அந்த அருள்வாக்கு தேவையே இல்லை. காசியில் 1898இல் மத்திய இந்துக் கல்லூரியை எழுப்பியவர். கூட்டத்தைக் கட்டிப்போடும் நாவன்மை உள்ளவர். பின்னாளில் காங்கிரஸ் மகாசபைக்கே தலைமை வகித்தவர். "இவ்வளவு செய்திருக்கிறேன், இன்னது செய்வேன், வாக்களியுங்கள்" என்று நின்றிருந்தாலே வென்றிருப்பார். தகுதி உள்ளவருக்கு அருள்வாக்கு வீண்பாரம். தகுதி இல்லாதவருக்கு அது முகமூடி. இரண்டு பேருக்கும் அதைக் கொடுக்காமல் இருப்பதே சங்கத்துக்கு நல்லது.

அந்த வழக்கம் அத்தோடும் நிற்கவில்லை. நம் தணிகை சித்தூர் மாவட்டத்தில் இருந்த காலத்தில் மதனப்பள்ளியும் அதே மாவட்டம். அந்த மதனப்பள்ளியில் பிறந்த கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனை 1909இல் அடையாற்றில் கண்டு, வரப்போகும் உலக குருவுக்கு அவனே வாகனம் என்று அறிவித்தார்கள். அவனுக்காக 1911இல் ஒரு தனி அமைப்பையே தொடங்கினார்கள். இதை ஏற்காத ருடால்ஃப் ஸ்டெய்னரோடு ஜெர்மன் கிளையின் பெரும்பகுதி பிரிந்தது. கடைசியில் 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தில் ஓமன் என்ற ஊரில், ஆயிரக்கணக்கான அன்பர்கள் முன்னிலையில், கிருஷ்ணமூர்த்தியே அந்த அமைப்பைக் கலைத்துவிட்டார். யாரும் வாக்களித்துத் தராத பீடத்தை அதில் அமர்த்தப்பட்டவரே வேண்டாம் என்று எறிந்தார். அதே நேரத்தில் சபையின் தலைவர் பதவி என்ன ஆயிற்று? பெசன்ட் 1933இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அருண்டேலும் எர்னஸ்ட் வுட்டும் போட்டியிட்டார்கள், அருண்டேல் வென்றார். 7 ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர் வாக்கு என்ற விதி இன்றும் நிற்கிறது. 2008இல் ராதா பர்னியரும் ஜான் அல்ஜியோவும் மோதிய தேர்தலில் மனக்கசப்பு இருந்தது உண்மை, சபை உடையவில்லை. தரிசனம் மூன்று முறை உடைத்தது. வாக்குப்பெட்டி தாங்கிப் பிடித்தது. இதைவிட என்ன சான்று வேண்டும்?

மறுப்புகளுக்கு வருகிறேன். "ஞானத்தைத் தலை எண்ணித் தீர்மானிக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. டிசம்பர் 31 இரவு இந்த மலையில் படிக்குப் படி நின்று திருப்புகழ் பாடி ஏறுகிறார்களே, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் வழிவந்த அந்தப் படித்திருவிழாவுக்கு யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பக்திக்குத் தேர்தல் வேண்டாம். ஆனால் சங்கத்துக்கு ரசீதுப் புத்தகம் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, இடம் கட்டடம் இருக்கிறது, அன்னதானத்துக்கு அரிசி வாங்கிய பில் இருக்கிறது. தலைவர் கையெழுத்துப் போடுவது இவற்றில்தான். குருவை நாம் தேடிப்போய் வணங்குகிறோம். தலைவரை நாம் ஒரு வேலைக்கு அமர்த்துகிறோம். வேலைக்கு அமர்த்தியவர்களுக்குத்தான் அவர் கணக்குக் காட்ட வேண்டும்.

"குரு பரம்பரையில் முன்னவர் பின்னவரைச் சொல்வதுதானே மரபு?" என்பது அடுத்த கேள்வி. மடம் வேறு, உறுப்பினர் சங்கம் வேறு. மடத்திலும் ஒருவர் சொல் மட்டும் போதுமா? மதுரை ஆதீனத்தில் 2012 ஏப்ரலில் ஒருவர் சொல்லால் இளைய பட்டம் அறிவிக்கப்பட்டது, ஊரே கொதித்தது, அக்டோபரில் அதே ஒருவர் சொல்லால் அது நீக்கப்பட்டது. மாறாக, விவேகானந்தர் செய்ததைப் பாருங்கள். 1901இல் பேலூர் மடத்தை அறங்காவலர்களிடம் பத்திரம் எழுதி ஒப்படைத்தார். அவர்கள் கூடி பிரம்மானந்தரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ராமகிருஷ்ணரின் நேர்ச் சீடர்களே தேர்தலைத் தாழ்வாக நினைக்கவில்லை.

"தேர்தல் வந்தால் கோஷ்டி வரும், பணம் விளையாடும்" என்பது மூன்றாவது மறுப்பு. இதில் நியாயம் உண்டு. ஆனால் கோஷ்டி தேர்தலால் பிறப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் கோஷ்டி அங்கே வெளிச்சத்துக்கு வருகிறது. பணத்தைத் தடுக்க விதி எழுதலாம்; நம் முன்னோர் எழுதினார்கள். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்வதைக் கேளுங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி பெயர் எழுதக் கூடாது; அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சபையார் எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஓலை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்க வாசிக்க வேண்டும். ஏன் ஐந்து விரலும் விரிய வேண்டும்? கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக! நிலமுள்ள அந்தணருக்கு மட்டுமான சபை அது. அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆனால் சாமி பேரைச் சொல்லிக் கையை மூடிக்கொள்ள அவர்கள் யாரையும் விடவில்லை.

தணிகை மக்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஊர் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ம.பொ.சி. போராடினார். மக்கள் திரண்டு கேட்டார்கள். எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கர் விசாரித்தார். நாடாளுமன்றம் சட்டமியற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் வந்து சேர்ந்தது. மலைமேல் முருகன் இருக்கிறான் என்பதால் மனுவும் ஆதாரமும் வேண்டாம் என்று யாரும் சும்மா இருக்கவில்லை. இந்த மண்ணில் பிறந்த தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணன் 1962இல் குடியரசுத் தலைவரானதும் வாக்குகளால்தான். அதனால் அவருடைய வேதாந்தம் மாற்றுக் குறைந்துவிடவில்லை.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பதிவுபெற்ற சங்கங்களின் நிர்வாகக் குழு மூன்றாண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமே சொல்கிறது. அதைக் காகிதத்தில் வைத்துவிடாதீர்கள். அடுத்த பொதுக்குழுவில் நான்கு தீர்மானங்களை நிறைவேற்றுங்கள்: போட்டியிட எந்த உறுப்பினருக்கும் உரிமை, ரகசிய வாக்கு, கணக்கு ஒப்படைக்காதவருக்கு இடமில்லை, வேட்பாளருக்காகக் கனவையோ அருள்வாக்கையோ மேடையில் சொன்னால் அந்த வேட்புமனு தள்ளுபடி. முருகனிடம் வேண்டிக்கொண்டே வாக்களியுங்கள், தடையில்லை. ஆனால் முருகன் வாக்களித்ததாக மட்டும் யாரையும் சொல்ல விடாதீர்கள்.