கார்னிஸ் ஒட்டுவது யார்: நாமா, கைதேர்ந்தவரா?



தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் சாயம் பூசுவது வழக்கம். அதோடு, சுவரும் உட்கூரையும் சேரும் இடத்தில் ஓர் அலங்காரப் பட்டை, அதாவது பிளாஸ்டர் கார்னிஸ், வைத்தால் அழகாக இருக்குமே என்று பலருக்கும் தோன்றும். விலை விசாரித்தால், பொருளுக்கு ஆவதைவிடக் கூலிதான் அதிகம். “இதற்குப் போய் ஆள் வேண்டுமா? நாமே ஒட்டிவிடலாம்!” இந்தப் பேச்சு எங்கள் வீட்டிலும் எழுந்தது. பேசியவள் நான்தான்.

நான் தொடர்பியல் துறையில் பட்டயம் பெற்றவள். கேமரா முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தயங்காமல் நிற்பேன். ஏணி மேல் நின்றபோதுதான் எனக்குத் தெரியாதது எவ்வளவு என்று புரிந்தது.

அம்மாவின் பழைய மூவறை வீட்டில், நானும் தம்பியும் ஒரு சனிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். பட்டைகளை 45 டிகிரி சாய்வாக அறுத்தால் மூலையில் இரண்டும் பொருந்திவிடும் என்பது கணக்கு. ஆனால் மூலை சரியாக 90 டிகிரி இருந்தால்தான் அந்தக் கணக்கு பலிக்கும். எங்கள் சுவர்கள் அப்படி இல்லை. முதல் மூலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. இரண்டாவது மூலைக்குப் பட்டையைத் தலைகீழாகவே அறுத்துவிட்டோம். ஜிப்சம் பசையை வாளி நிறையக் கலக்கி வைத்திருந்தோம். அளந்து முடிப்பதற்குள் அது கல்லாகிவிட்டது.

அதுவரை சிரிப்புதான். மறுபடியும் பசை கலக்கினோம். பழைய சாயத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே பட்டையை ஒட்டினோம். கீழே தாங்குவதற்கு ஆணியும் அடிக்கவில்லை. சிறிது நேரத்தில் முழுப் பட்டையும் பெயர்ந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவின் தோளை உரசியபடி விழுந்தது. அம்மாவுக்கு 67 வயது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. தலையில் விழுந்திருந்தால்? நான் மிச்சம் பிடிக்க நினைத்த கூலி அந்த நொடியில் எனக்கு மிகச் சிறியதாகத் தெரிந்தது.

பிறகு கைதேர்ந்த ஒரு சீன அங்கிளை வரவழைத்தோம். அவர் வந்ததும் ரம்பத்தைத் தொடவில்லை. சாயத்தைச் சுரண்டினார். பசை பிடிக்கச் சுவரில் கீறல் போட்டார். தூசியைத் துடைத்தார். சிறு துண்டுகளை அறுத்து மூலையில் வைத்துப் பார்த்து, கோணத்தைக் கண்டுபிடித்தார். பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கினார். பட்டைக்குக் கீழே சிறு ஆணிகளை அடித்து, பசை இறுகியதும் பிடுங்கி, ஓட்டைகளை அடைத்தார். அரை நாளில் வேலை முடிந்தது. நாங்கள் கொடுத்தது அரை நாள் கூலி அல்ல, அவர் பல ஆண்டுகள் கற்ற தொழிலுக்கான கூலி.

“ஆள் வைத்து ஏமாந்தவர்கள் இல்லையா?” என்று எதிரணி நண்பர் கேட்கலாம். இருக்கிறார்கள். என் தோழி ஒருவர் பாதிக்கும் மேல் முன்பணம் கொடுத்தார். குத்தகையாளர் ஒரே ஒரு நாள் வந்தார். அதன்பின் தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை.

ஆகவே, ஆள் வைப்பதிலும் விழிப்பு வேண்டும். வீவக வீட்டின் புதுப்பிப்புப் பணிக்கு, கழகத்தின் பட்டியலில் உள்ள குத்தகையாளரையே அமர்த்த வேண்டும். எத்தனை அடி, என்ன பொருள், சாயம் சேர்த்தா சேர்க்காமலா, எப்போது முடியும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வேலை நடக்க நடக்கப் பணம் கொடுங்கள். தகராறு வந்தால், 2 ஆண்டுகளுக்குள் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கு 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை கோரலாம்.

அப்படியானால் நாமே செய்யவே கூடாதா? செய்யலாம். ஒரு சிறிய அறை, நான்கே மூலை, எடை குறைந்த நுரைப்பட்டை, உதவிக்குத் திடமான ஒருவர் என்றால் தாராளமாகச் செய்து பாருங்கள். முதலில் இரண்டு வீண் துண்டுகளை அறுத்துப் பழகுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் தட்டி அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காதீர்கள். கனமான பிளாஸ்டர் பட்டை, வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகள், நீண்ட வரவேற்பறை என்றால் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

“நாமே செய்தால் எவ்வளவு மிச்சம்?” என்று கேட்பதற்கு முன், “தவறினால் யார் மேல் விழும்?” என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் அம்மா. உங்கள் வீட்டில் யார்?