விதை கொண்டுவந்தவர்கள்



சென்ற யூலை விடுமுறையில் குடும்பமாக அலிஸ் ஸ்பிறிங்ஸுக்கு மேற்கே, பாலைநிலத்து பாம் வலிக்குப் போனோம். நாலு சில்லும் இழுக்கிற வாகனம்தான் அங்கே போகும். ஃபிங்க் ஆற்றின் காய்ந்த மணலிலும் கல்லிலும் குலுங்கிப் போனால், செம்பாறைகளுக்கிடையே கசியும் நீர்; பனை மாதிரி மரங்கள்! அம்மா இறங்கிப்போய் ஒரு மரத்தைத் தடவிக்கொண்டு நின்றா.

இவை ஆதிக்காட்டின் மிச்சம் என்றே முன்பு நம்பினார்கள். ஏறக்குறைய 1000 கிலோமீற்றர் வடக்கேயிருந்து மனிதர் விதை கொண்டுவந்திருக்கலாம் என்றது 2012 மரபணு ஆய்வு. வடக்கிலிருந்து விதை வந்த பழங்கதை அறெண்ட மக்களிடமும் உண்டு.

இதைச் சொன்னதும் மகள் கேட்டாள்: "அப்பம்மா, நீங்கள் என்ன கொண்டுவந்தனீங்கள்?"

"உன்ர அப்பாவை மட்டுந்தான்."

அன்றிரவுதான் அம்மா மிச்சக் கதையைச் சொன்னா. உங்கள் பிள்ளைகளும் கேட்கட்டும். புத்தாண்டு வாழ்த்துகள்.