கணினி அறையிலிருந்து மைதானத்துக்கு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பழைய மாணவர்கள் கூடினால் சுகர், பி.பி., மாத்திரை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. பந்தியில் "எனக்குப் பாயசம் வேண்டாம்ப்பா" என்று டம்ளரைக் கவிழ்த்து வைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் நான் பேச வந்தது நம்மைப் பற்றி அல்ல. 13 வயது முதல் 19 வயது வரையுள்ள நம் பிள்ளைகளைப் பற்றி.

நான் இந்த மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியன். "கம்ப்யூட்டர் வாத்தியாருக்கும் உடம்பு எடைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. "புள்ள எந்நேரமும் திரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான் சார்" என்று பெற்றோர் முறையிட வருவது என்னிடம்தான்.

சென்னையில் 13 முதல் 18 வயது வரையுள்ள 4,700 பள்ளி மாணவர்களை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். பையன்களில் 17.8 சதவீதம், பெண்களில் 15.8 சதவீதம் பேருக்கு மிகை எடை. "அது பட்டணத்து வியாதி" என்று ஒதுக்கிவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழகப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் மிகை எடையோ பருமனோ உள்ளவர்கள். இது கிராமமும் நகரமும் சேர்ந்த கணக்கு.

சரி, உட்கார வைத்த கணினியே பிள்ளைகளை எழுப்பியும் விடுமா? ஓரளவுக்கு விடும். அதே டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் நிலையில் இருந்த 537 ஆண்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மறு பாதிப் பேருக்கு அத்துடன் உணவு, நடை பற்றி செல்போனில் குறுஞ்செய்தி. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. பெற்றவர்களில் 18 சதவீதம்தான். 2013-ல் வெளியான முடிவு இது. அவர்கள் பெரியவர்கள்.

வளரிளம் பருவத்தினருக்கென்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தினர் இணையவழிப் பாடங்களை 384 மாணவர்களிடம் நடத்திப் பார்த்தார்கள். அதுவும் 2013-ல்தான் வெளியானது. பழமும் காய்கறியும் உண்பது கூடியது, சும்மா உட்காரும் நேரம் குறைந்தது என்று மாணவர்கள் சொன்னார்கள். எடைக் கணக்கில் மட்டும் ஆறு மாதத்தில் மாற்றம் தெரியவில்லை. இதை நான் தோல்வியாக நினைக்கவில்லை. முதலில் மாறுவது பழக்கம், எடை பிறகுதான். வளர்கிற பிள்ளைக்கு உயரம் கூடும்போது எடையும் கூடத்தானே செய்யும்?

ஆகவே எங்கள் ஆய்வகத்தில் எக்செல்லில் ஒரு எளிய பட்டியல் போட்டிருக்கிறேன். ஐந்தே கட்டங்கள்: ஓடியாடிய நிமிடம், படிப்புக்கல்லாமல் திரை பார்த்த நேரம், பழம்-காய், குளிர்பானம், தூக்கம். எடைக்குக் கட்டம் கிடையாது. பெயரும் கிடையாது, எண் மட்டும்தான். "குண்டு" என்று ஒரு பிள்ளையைக் கூப்பிட அந்தப் பட்டியல் யாருக்கும் உதவக்கூடாது. வெள்ளிக்கிழமை வகுப்பு மொத்தத்தையும் கூட்டி வரைபடமாகக் காட்டுவேன். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை என்று அவர்களே பெருக்கிப் பார்த்தபோது, நான் அறிவுரை சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஆனால் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு எந்த மென்பொருளிலும் பதில் இல்லை. "விளையாட்டுக் கட்டத்துல எப்பவுமே பூஜ்யம்தான் சார் வருது. பி.டி. பீரியடையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கிட்டா நாங்க என்ன சார் பண்றது?"

பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ளோரில் 81 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை. அதிலும் பெண் பிள்ளைகளுக்குத்தான் குறைவு.

இதற்கு வழி தேடி வெகுதூரம் போகவேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்கள். தனியாக ஒரு பெண் ஓட்டியிருந்தால் ஊர் கேலி செய்திருக்கும். ஆயிரக்கணக்கில் ஓட்டியபோது கேலி செய்ய ஆள் இல்லை. பழக்கம் மாறுவது இப்படிக் கூட்டமாகத்தான். கணினி கணக்கு வைக்கும். கூட்டத்தை நாம்தான் சேர்க்க வேண்டும்.

எனவே சங்கத்திடம் என் வேண்டுகோள்: பள்ளிகளுக்குக் கணினி கொடுங்கள், கூடவே ஒரு பந்தும் வலையும் கொடுங்கள். நம் கல்லூரி மைதானத்தை மாலை ஒரு மணி நேரம் பள்ளி மாணவியருக்குத் திறந்துவிட ஏற்பாடு செய்யுங்கள். தங்கைகளே, நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் நீங்கள் அந்த நேரம் உடனிருங்கள். தம்பிகளே, 11-ம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்தால் காற்றடித்து வெளியே எடுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் தலைமையாசிரிய நண்பர்களுக்கு ஒரே வார்த்தை: பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த மாணவியின் கட்டத்தில் பூஜ்யம் மாறவேண்டும். அவ்வளவுதான்.