புனேயிலிருந்து வடதுருவம்

(நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புனேக்கும் வடதுருவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உண்டு. இந்நகரில் வாழ்ந்த லோகமான்ய திலகர், வேதகால மக்களின் ஆதி இருப்பிடம் ஆர்க்டிக் பிரதேசமே என்று வாதித்து 1903-இல் ஒரு நூல் வெளியிட்டார். நாட்கணக்கில் நீளும் வைகறையை வேதப் பாடல்களில் அவர் கண்டார். இன்றைய அறிஞர் அக்கொள்கையை ஏற்பதில்லை. எனினும், பனிப்பாறையையே காணாத ஊரில் அமர்ந்து அத்தனை தூரம் எண்ணிய உள்ளத்தை வியவாதார் யார்?

இன்றோ மெய்யாகவே கப்பல்கள் செல்கின்றன. நார்வேக்கு வடக்கேயுள்ள ஸ்வால்பார்டு தீவுகளில், லாங்யேர்பியன் என்னும் ஊரில் பயணிகள் கப்பலேறுகின்றனர். அங்கே ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை கதிரவன் மறைவதில்லை. பனியாறுகள் கடலோரம் வந்து, இடியென முழங்கி உடைந்து விழுகின்றன. நி ஓலசுண்ட் என்ற சிற்றூரில், முன்னாளில் நிலக்கரி இழுத்த நீராவி இரயில் இஞ்சின் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. இரயில்வேயில் உழைக்கும் நமக்கு அதுவே முதல் தரிசனம்!

அங்குள்ள ஆலாப் பறவையின் எடை சுமார் 100 கிராம். கோடையில் வடக்கே குஞ்சு பொரித்து, பின் தென்துருவக் கடலுக்குப் பறந்து, ஆண்டுக்குச் சுமார் 70,000 கிலோமீட்டர் சுற்றி மீள்கிறது. விடுமுறையில் ஊர் சென்று திரும்புவதற்குள் அலுத்துப்போகும் நாம் அதனிடம் என்ன சொல்வது? கூட்டருகே செல்வோர் தலையில் அது கொத்தவும் செய்யும்.

யாவரும் காண விழைவது பனிக்கரடியை. கடல்மீது உறைந்த பனியிலிருந்துதான் அது கடல்நாயை வேட்டையாடுகிறது. அப்பனியோ ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. பதுங்கிக் காத்திருக்கும் கரடியைப் படகோசை கலைத்துவிட்டால் அன்றைய இரை போயிற்று. ஆகவே 2025 முதல் கரடிக்கு 300 மீட்டருக்குள்ளும், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டருக்குள்ளும் எவரும் நெருங்கலாகாது. காப்புப் பகுதிகளில் ஒரு கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் கூடாது. பெரும்பணம் கொடுத்தும் தொலைவில்தானா என்று முணுமுணுப்போர் உண்டு. நாம் கரடியின் கட்சி.

அதே நி ஓலசுண்டில் 2008 ஜூலையில் நம் நாடு ‘ஹிமாத்ரி’ ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தது. 2014-இல் அருகிலுள்ள கடலினுள் அளவைக் கருவிகளையும் இறக்கியது. வடக்கே பனி குறைவதற்கும் இங்கே பருவமழை மாறுவதற்கும் தொடர்பு எவ்விதம் என்பது அவர்கள் ஆராயும் வினாக்களுள் ஒன்று. ஜூலையில் கடக்வாஸ்லா அணை நிரம்பிற்றா என்று நாளேட்டைப் புரட்டும் நாமும் அந்த விடைக்குக் காத்திருக்கிறோம்.