பக்கவாதம்: முதல் நாலரை மணி நேரமும் பின்வரும் மாதங்களும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார அங்கத்தினர்களின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த எல்லைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்தவன் என்ற முறையில், கை கால் தளர்ச்சியைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். மலையாளத்தில் தளர்வாதம் என்கிறோம், தமிழில் பக்கவாதம். பெயர் எதுவானாலும், நம் வீடுகளில் அப்பாவும் அம்மாவும் தனியாக, பிள்ளைகள் மும்பையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் இந்தக் காலத்தில், இது ஒவ்வொரு குடும்பத்தையும் தொடும் விஷயம்.

திருவனந்தபுரம் நகரிலும் ஜில்லாவின் கிராமப்புறத்திலும் எடுத்த பக்கவாதக் கணக்கு ஒன்று 2009-ல் வெளியானது. ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 135 பேருக்குப் பக்கவாதம் வருகிறது. நகரத்திலும் கிராமத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் நூற்றுக்கு 24.5, கிராமத்தில் 37.1. வருவதில் வித்தியாசமில்லை, பிழைப்பதில் இருக்கிறது. புறப்படத் தாமதிப்பதும் இதற்கு ஒரு காரணம் என்பதே என் அனுபவம்.

பக்கவாதம் கையிலோ காலிலோ உண்டாகும் வியாதி அல்ல; மூளையில் உண்டாவது. ரத்தக்குழாய் அடைத்தாலும் வெடித்தாலும், மூளையின் அந்தப் பாகம் ஆளுகிற கை கால் தளர்ந்துவிடும். அடைப்பா, கசிவா என்பதை வெளியில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பாக இருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பானால், தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கும் முறை 2015-க்குப் பிறகு உலகெங்கும் நிலைபெற்றுவிட்டது. சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

அடையாளம் மூன்று. சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா? இரு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே கடிகாரத்தைப் பாருங்கள், புறப்படுங்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். அது பின்னால் வரப்போவதற்கு எச்சரிக்கை. வாயில் காப்பி, தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் ஆபத்து.

ஒரு வீட்டில் மாமாவுக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கை தளர்ந்தது. "வாயு பிடிப்பு, தைலம் தேய்த்துப் படுத்தால் சரியாகும்" என்று விடியும்வரை காத்திருந்தார்கள். உயிர் பிழைத்தார்; வலது கை திரும்பவில்லை. இப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன்.

நம் பக்கத்தில் தைலமும் வர்மமும் ஏன் முதலில் நினைவுக்கு வருகின்றன என்பதும் எனக்குத் தெரியும். 1956 நவம்பர் 1-ல் எல்லை பிரியும்வரை விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே திருவிதாங்கூர். 108 வர்மங்களைக் கற்ற ஆசான்கள் இந்த மண்ணின் சொத்து. களியக்காவிளையைத் தாண்டினால் முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பிழிச்சிலும் ஞவரக்கிழியும் நாம் அறிந்தவை. இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆபத்துக் கட்டம் கடந்து, டாக்டர் சம்மதித்த பிறகு, விறைப்பைத் தளர்த்த இவற்றுக்கு இடம் உண்டு. முதல் நாளில் இடமில்லை. உணர்ச்சி குறைந்த கையில் கிழியின் சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும் என்பதையும் மறக்கக் கூடாது.

எல்லாத் தளர்ச்சியும் பக்கவாதம் அல்ல. இரு காலிலும் தொடங்கி மேலே ஏறும் தளர்ச்சி நரம்பு வியாதியாக இருக்கலாம். மூச்சைப் பாதிக்கும் முன் ஆஸ்பத்திரி சேர வேண்டும். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் இமை தொங்கினால் அது வேறு, அதற்கும் மருந்து உண்டு. சைவ உணவுக்காரர்களான நமக்கு முக்கியமானது வைட்டமின் பி12. பால், தயிர் குறைந்தாலும், வயதானாலும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிட்டாலும் அது குறையும். பாதம் மரத்து நடை தள்ளாடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியோ மாத்திரையோ போதும்.

இனி வீட்டுக்கு வந்த பிறகு. மூளை புதிதாகக் கற்கும்; ஆனால் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கற்கும். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் அதிகம், அதன் பிறகும் நின்றுவிடுவதில்லை. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும். படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுங்கள். நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தளர்ந்த கையை அசைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனும் அவர் சகாக்களும் 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் வந்தது.

நம் அனுஷ்டானங்களிலேயே பயிற்சி இருக்கிறது. கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டு ஜபம் எண்ணுவது, நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விரல் பயிற்சியேதான். "தண்ணி" என்று கேட்க முடியாத ஒரு பாட்டி, சிறு வயதில் பாடம் பண்ணிய ஸ்லோகத்தைத் தடையில்லாமல் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பழகிய பாட்டும் ஸ்லோகமும் சில சமயம் பேச்சைத் தாண்டி நிற்கும். கூடச் சேர்ந்து சொல்லுங்கள். அவர் அழுதாலும் கோபித்தாலும் அதுவும் வியாதியின் பாகம் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தெற்கே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. எங்கே போவது என்று அந்த ராத்திரியில் யோசிக்கக் கூடாது. எங்கே ஸ்கேனும் அந்த ஊசியும் இருபத்துநாலு மணி நேரமும் கிடைக்கும் என்று இன்றே விசாரித்து வையுங்கள். 108-ஐக் கூப்பிட்டால் ஊரையும் மாநிலத்தையும் முதலில் சொல்லச் சொல்லுங்கள், நாம் எல்லையில் இருக்கிறோம். ஆஸ்பத்திரி பெயர், டெலிபோன் நம்பர், சாப்பிடும் மருந்துகள், கார் உள்ள பக்கத்து வீட்டார் பெயர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி டெலிபோன் பக்கத்தில் ஒட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தானாக நிறுத்தாதிருந்தால் ஆபத்தைப் பெருமளவு வாசலிலேயே தடுத்துவிடலாம்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது, ஸ்வீட் பாக்கெட்டுடன் அந்தக் காகிதத்தையும் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.