மலைச்சாமியின் மௌனம்

    

நடிகர் திலகம் சிவாஜி கணேசன் நடிப்பில் நெஞ்சில் நிற்பது முழக்கமா, மௌனமா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் வந்த எதிரணித் தம்பி கட்டபொம்மன் வசனத்தை முழங்கிவிட்டுப் போனார். மைக் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறது. (சிரிப்பு) நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டிவிட்டேன். எங்கள் அணித் தலைவர் என்னை முறைக்கிறார். (சிரிப்பு)

ஏன் தட்டினேன் தெரியுமா? நானே ஒரு காலத்துக் கட்டபொம்மன்! (கைதட்டல்) எட்டாம் வகுப்பு ஆண்டு விழா. பெண்கள் பள்ளி. கண்மையால் மீசை வரைந்துவிட்டார்கள். வசனம் பாதி போவதற்குள் வியர்வையில் மீசை கரைந்து தாடியாகிவிட்டது. (பலத்த சிரிப்பு) ஆனால் குரலை மட்டும் நான் விடவில்லை. முதல் பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர். எங்கப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். வீட்டுக்கு வரும் வழியில், "கடைசி வரைக்கும் நல்லாக் கேட்டுச்சும்மா"ன்னார். அன்றைக்கு அவர் பேசியதே அவ்வளவுதான்.

ஆகவே நடுவர் அவர்களே, முழக்கத்தின் அருமை தெரியாமல் நான் இந்தப் பக்கம் வரவில்லை. 1952இல் பராசக்தி. கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தை நீதிமன்றக் கூண்டில் நின்று அவர் பேசியபோது தமிழ்நாடே வசனத்தை மனப்பாடம் செய்தது. 1959இல் வீரபாண்டிய கட்டபொம்மன். அந்த நடிப்புக்காக 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது. எல்லாம் உண்மை. ஒன்றையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? சிறு பிள்ளையாக நாடகக் கம்பெனிக்குப் போனவர் அவர். கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கேட்க வேண்டும் என்று பழக்கப்பட்ட தொண்டை அது. முழக்கம் அவருக்குக் கைவந்த கலை. கைவந்ததைச் செய்வது திறமை. கைவந்ததைக் கட்டிப்போட்டுவிட்டு, அது இல்லாமலே ஜெயிப்பது அதைவிடப் பெரிய திறமை! (கைதட்டல்)

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறார். நகை, அழுகை, பெருமிதம், வெகுளி என்றெல்லாம் வரும். அந்த இயலுக்கு என்ன பெயர்? மெய்ப்பாட்டியல். மெய் என்றால் உடம்பு. உள்ளே இருப்பது உடம்பில் தெரிய வேண்டும். குரலில் மட்டும் தெரிந்தால் போதும் என்று தொல்காப்பியர் நினைத்திருந்தால், தம்பிக்கு வசதியாக வேறு பெயர் வைத்திருப்பார். (சிரிப்பு)

இத்தனை படங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், நான் யோசிக்காமல் எடுப்பது 1985இல் வந்த முதல் மரியாதை. பாரதிராஜா இயக்கிய படம். நடிகர் திலகத்துக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. கிரீடம் இல்லை, வாள் இல்லை. ஊர்ப் பெரியவர் மலைச்சாமி. படம் தொடங்கும்போதே மனிதர் சாகக் கிடக்கிறார். உயிர் போகாமல் யாருக்காகவோ காத்திருக்கிறது. ஆயிரம் வசனம் பேசிய வாய் மூடிக் கிடக்க, கண் மட்டும் வாசலைத் தேடுகிறது. அந்தக் கண்ணுக்கு யாராவது வசனம் எழுத முடியுமா?

அவருக்கு வாய்த்த மனைவி பொன்னாத்தா. வடிவுக்கரசி நடித்த பாத்திரம். நாக்கு தேள்கொடுக்கு. கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார் மலைச்சாமி. பார்க்கிற நமக்கே, "என்னய்யா மனுஷன், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டாரா"ன்னு கோபம் வரும். பிறகுதான் தெரிகிறது. கல்யாணத்துக்கு முன்பே வேறொருவனிடம் ஏமாந்து வயிற்றில் பிள்ளையோடு நின்ற பெண் அவள். மாமன் மானத்தைக் காப்பாற்ற அவளைக் கட்டிக்கொண்டு, அந்தக் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்த்தவர் இவர். சொல்லியிருந்தால் ஒரு நொடியில் அவள் வாய் அடைத்திருக்கும். சொல்லவில்லை!

அந்த மனிதர் பரிசல்காரப் பெண் குயில் வீட்டில் மீன் குழம்பு சாப்பிடுகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். அன்போடு பரிமாறிய ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒரு பெரிய மனிதர் குழந்தையாகிப் போகிறார். எங்க வீட்டுக்காரர் அந்தக் காட்சியை டி.வி.யில் பார்த்துவிட்டு மறுநாளே மீன் வாங்கி வந்தார். நானும் குழம்பு வைத்தேன். சாப்பிட்டார். மலைச்சாமி முகம் வரும் வரும் என்று பார்த்தேன். "உப்பு கொஞ்சம் தூக்கல்"ங்கிற முகம்தான் வந்தது. (பலத்த சிரிப்பு)

எதிரணியினர் கேட்கலாம்: "பின்னால் மலைச்சாமியும் பொங்கி எழுகிறாரே, அது முழக்கம் இல்லையா?" முழக்கம்தான் ஐயா! ஆனால் அது ஏன் நம்மை உலுக்குகிறது? பல வருஷ மௌனம் அதற்குப் பின்னால் நிற்கிறது. மௌனத்தை எடுத்துவிட்டால் அது வெறும் சத்தம். (கைதட்டல்)

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு விஷயம் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் பத்தாவது படித்த வருஷம். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, திரும்பி வரவில்லை. "வேண்டியிருந்துச்சு" என்று மட்டும் அப்பா சொன்னார். அம்மா அழுதாள். நான்தான் கட்டபொம்மன் ஆயிற்றே! திண்ணையில் நின்று, தெருவே கேட்க, "எங்க அம்மா நகையை என்ன பண்ணீங்க? கணக்குச் சொல்லுங்க!" என்று கத்தினேன். ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிற மனிதர் மகளுக்குக் கணக்குச் சொல்லவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார், கடைக்குப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து அவர்தான் எங்களை முதல் மரியாதைக்கு அழைத்துப் போனார். நான் அவரோடு சரியாகப் பேசாமலிருந்த காலம். மலைச்சாமிக்காக அன்றைக்கு நான் தேம்பித் தேம்பி அழுதேன். திரையில் இருந்த மௌனத்துக்கு அழுதேனே தவிர, பக்கத்து நாற்காலியில் இருந்த மௌனத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. (அரங்கில் அமைதி)

1998இல் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள், அத்தை அம்மாவை அடுக்களைக்குள் அழைத்துப் போனார். மாமா வேலை பார்த்த இடத்தில் பணத்தைக் கையாடிவிட்டார். போலீஸ் வரை போக இருந்தது. அந்தச் சங்கிலிதான் அவரைக் காப்பாற்றியது. "மாப்பிள்ளை மரியாதை போயிடக் கூடாதுன்னு அண்ணன் வீட்டில்கூடச் சொல்லலை"ன்னு அத்தை அழுதார். அம்மா ஒன்றும் பேசவில்லை. பொங்கி வந்த பாலை இறக்கி வைத்தாள். நான் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அத்தையும் மாமாவும் இன்று இல்லை. "எங்காவது மேடையில சொல்லும்மா, அண்ணன் பேரு விளங்கட்டும்" என்று அத்தைதான் பின்னாளில் சொன்னார். இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய காலத்தில் எனக்கு விஷயம் தெரியாது. தெரிந்த காலத்தில் அவர் இல்லை. முதல் மரியாதையை எத்தனை முறை போட்டாலும் உட்கார்ந்து பார்க்கிறேன். மலைச்சாமி வாயைத் திறக்காமல் நிற்கிற ஒவ்வோர் இடத்திலும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஒருவர் தெருவில் இறங்கிப் போவது எனக்குத் தெரிகிறது.

2001 ஜூலை 21இல் நடிகர் திலகம் மறைந்தார். கட்டபொம்மனை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் சூடாகிறது. மலைச்சாமியை நினைத்தால் என் அப்பாவை எனக்குப் புரிகிறது. முழக்கம் கேட்டு நாம் கைதட்டினோம். மௌனம் பார்த்து நாம் திருந்தினோம். கைதட்டல் அரங்கத்தோடு முடிந்துவிடும் ஐயா, திருந்தியது வீடு வரை வரும்!

ஆகவே நடுவர் அவர்களே, நெஞ்சில் நிற்பது மௌனமே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள். தீர்ப்பை மட்டும் தயவுசெய்து மௌனமாகச் சொல்லிவிடாதீர்கள்! (சிரிப்பு)  (பலத்த கைதட்டல்)