ஸ்கேன் துண்டில் ‘கல்சியம்’ என்று எழுதியிருந்தால்

(கொட்டாஞ்சேனையில் நடைபெற்ற மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கும் வருகிறேன். முதலில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகள், எட்டாம் ஒன்பதாம் மாதத்தில் காசு கொடுத்து ஸ்கேன் எடுக்கிறார்கள். துண்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. யாரோ வாசித்து, “நஞ்சுக்கொடி கிழடாகிவிட்டது, கல்சியம் படிந்துவிட்டது” என்கிறார்கள். அன்றிரவு வீட்டில் தூக்கமில்லை. “டீச்சர், பிள்ளைக்கு மூச்சு முட்டுமா? உடனே ஒப்பரேஷன் செய்ய வேண்டுமா?” என்று போன் வருகிறது. நகையை அடகு வைக்கும் பேச்சும் வருகிறது.

நஞ்சுக்கொடி என்று நாம் சொல்வதைச் சுகாதாரப் புத்தகத்தில் சூல்வித்தகம் என்று எழுதுவார்கள். பிள்ளைக்குச் சாப்பாடும் ஒட்சிசனும் போகும் வழி அது. கழிவு வெளியேறும் வழியும் அதுவே. தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் அங்கே ஒன்றோடொன்று கலப்பதில்லை. மெல்லிய தோலுக்கு இருபுறமும் ஓடித்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. பிரசவம் நெருங்கும்போது அதன் நிறை ஏறத்தாழ அரைக் கிலோ. நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் தாயின் இரத்தம் அங்கே போய் வருகிறது.

மாதம் நிறைய நிறைய அதில் சுண்ணாம்புச் சத்து அங்கங்கே படியும். ஸ்கேனில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிரானம் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் இதைப் பூச்சியம் முதல் மூன்று வரை தரம் பிரித்தார்கள். துண்டில் வரும் ‘கிரேட் 3’ அதுதான். ஒன்பது மாதம் நிறைந்த தாய்க்கு மூன்றாம் தரம் என்று எழுதியிருந்தால் அது நோயல்ல. மலையில் நாள் கடந்த கொழுந்து முற்றுகிறதல்லவா, அதுபோல. அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து ஒப்பரேஷன் செய்யத் தேவையில்லை.

ஆனால் நாளாகும் முன்பே கொழுந்து முற்றினால் காரணம் தேடுவோம். ஏழாம், எட்டாம் மாதத்திலேயே அதிகம் படிந்திருந்தால் டாக்டரும் அப்படித்தான் தேடுவார். பிரஷர், புகைத்தல், பிள்ளையின் வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றோடு அதற்குச் சில வேளை தொடர்பு உண்டு. பிள்ளையின் வளர்ச்சியையும் தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார். புகையிலை போட்டு வெற்றிலை சாப்பிடுவதும் வயிற்றுப் பிள்ளையின் வளர்ச்சிக்குக் கேடு. அதை விடுங்கள்.

இன்னொன்று. “கல்சியம் குளிசையால்தான் இப்படி” என்று சொல்லிக் குளிசையைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. போடாதீர்கள். சாப்பாட்டில் கல்சியம் குறைந்த தாய்மாருக்குப் பிரஷர் ஏறாமல் காக்க அந்தக் குளிசை உதவுகிறது.

அப்படியானால் எதைக் கவனிக்க வேண்டும்? மூன்று விஷயங்கள்.

முதலாவது, தேதி. கடைசியாக மாதவிடாய் வந்த நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். நாள் தள்ளியதும் மருத்துவமாதுவிடம் பதியுங்கள். ஆரம்ப மாதங்களில் எடுக்கும் ஸ்கேன்தான் தேதியைச் சரியாகச் சொல்லும். தேதி தெரியாவிட்டால் நஞ்சுக்கொடி நேரத்தோடு முற்றியதா, முன்கூட்டி முற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது. நாற்பது வாரம் கடந்தும் வலி வராவிட்டால் வீட்டில் காத்திருக்காதீர்கள். 41 வாரம் நிறைந்தால் வலியைத் தூண்டும்படி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது.

இரண்டாவது, கிளினிக். அங்கே பிரஷர் பார்ப்பதும் டேப் வைத்து வயிற்றை அளப்பதும் சும்மா அல்ல. நஞ்சுக்கொடி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அதில்தான் முதலில் தெரியவரும்.

மூன்றாவது, பிள்ளையின் துடிப்பு. மருத்துவமாது சொல்லித் தந்தபடி எண்ணுங்கள். வழக்கத்தைவிடத் துடிப்பு குறைந்தால், இரத்தம் பட்டால், கடும் தலைவலியோடு கண் மங்கினால், விடியும்வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு 1879இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் ஆஸ்பத்திரி இருக்கிறது, காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டும் அரசாங்க ஆஸ்பத்திரி. காசு கேட்க மாட்டார்கள். ஊரில் பதிந்துவிட்டு இங்கே வேலை செய்பவர்கள் கிளினிக் அட்டையை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள்.

இனிச் சம்பளத்துக்கு வருகிறேன். மாதம் தவறாமல் கிளினிக் போ என்று சொல்வது எனக்குச் சுலபம். போனால் அன்றைய பேர் போகிறதே! அதனால்தான் நம் தாய்மார் பிரஷர் பார்க்கும் நாளிலும் கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். நிறை குறைந்த பிள்ளைகள் தோட்டத்தில் அதிகமாகப் பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி பிரசவத்துக்கு முன் இரண்டு வாரமும் பின் பத்து வாரமும் சம்பளத்தோடு லீவு உண்டு. மூன்றாம் பிள்ளை என்றால் பாதி என்ற பழைய கணக்கு 2018இல் எடுபட்டுவிட்டது. எத்தனையாவது பிள்ளையானாலும் பன்னிரண்டு வாரம்தான். பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதத்தில் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடான வேலையைக் கொடுக்கவும் கூடாது. கர்ப்பம் என்று தோட்டத்துக்கு அறிவித்துவிட்டால் செங்குத்து மலையையும் பாரமான கூடையையும் மறுக்க அந்த விதியைக் காட்டுங்கள். கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் 84 நாள் லீவு உண்டு. முதலாளி தரும் தர்மம் அல்ல அது.

தலைவர்மார்களிடம் இரண்டு கேட்கிறேன். கிளினிக் நாளில் பேர் வெட்டக் கூடாது என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் வையுங்கள். இரவில் ஒரு தாய்க்குத் துடிப்பு குறைந்தால் எந்த வாகனம், யார் ஓட்டுவது என்பதை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இப்போதே முடிவு செய்து லயத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

சகோதரிகளே, துண்டில் உள்ள ஒரு சொல்லுக்காக நகையை அடகு வைக்காதீர்கள். துடிப்பு குறைந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.